மார்கழியில் ஒரு நாள்: சிதறால் முதல் பத்மநாபபுரம் வரை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயிலின் கடுமை தணிந்திருக்கும் மார்கழியும் தையுமே குமரி மாவட்டத்தின் தொன்மையான இடங்களைப் பார்க்க ஏற்ற காலம். மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் மலைக்கு வெயில் ஏறுமுன் சென்றுவிடுவது நல்லது. கல் பாவிய பாதையில் நிதானமாக ஏறினால், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணப் புடைப்புச் சிற்பங்களைப் பாறையிலேயே காணலாம். தலைக்குமேல் பாம்பு படம் விரித்திருக்க அசையாமல் நிற்கும், சமணர் வணங்கும் பார்சுவநாதரின் முன் சற்று அமர்ந்து, கையோடு கொண்டு சென்ற நோட்டில் பென்சிலால் வரைந்து பாருங்கள். புகைப்படத்தில் தவறிப்போகும் நுணுக்கங்கள் கண்ணில் படும். சிற்பங்களை மட்டும் தொட வேண்டாம்.

இறங்கியதும் மரச்சீனிக் கிழங்கு மயக்கியதும் (மரவள்ளி மசியல்) மீன் குழம்பும் சூடாக உண்பது, ஏறிக் களைத்த வயிற்றுக்கு இதமாக இருக்கும். (சைவர்களுக்குத் தேங்காய்த் துவையலே போதும்.) பிற்பகலில் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்று, பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மர விதானத்தில் செதுக்கப்பட்ட மலர்களை அண்ணாந்து பாருங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதால் அந்நாளைத் தவிர்க்கவும். சுசீந்திரம் கோயிலின் மார்கழித் திருவிழா நாட்களில் வந்தால், மாலையில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி ஒன்று குடித்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.