சாமி வருதா, வியாதியா? டாக்டர்கிட்ட எப்படி எடுத்துச் சொல்றது

பினாங்குல தைப்பூசத்தன்னிக்கு தண்ணீர்மலையில அருள் வந்து ஆடுறவங்கள யாரும் நோயாளின்னு சொல்றதில்ல, ஆனா அதே மாதிரி வீட்டுல அக்காவுக்கு சாதாரண நாள்ல, அவங்க வேணாம் வேணாம்னு அழுதும் வந்தா என்ன செய்றது?

முதல்ல நல்லா கவனிங்க. சடங்குக்குள்ள வருதா, தானா வருதா, முடிஞ்சப்புறம் தூக்கம் சாப்பாடு வேலையெல்லாம் பழையபடி ஓடுதா. 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி-11ம் (உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்) இதைத்தான் பாக்குது: மதமும் பண்பாடும் ஏத்துக்கிட்ட சடங்குன்னா அது கோளாறு இல்ல, தன் விருப்பம் இல்லாம வந்து வாழ்க்கைய கெடுத்தாதான் கோளாறு.

அப்போ நோய்ங்கிறது மனசுக்குள்ள இருக்கிற உண்மையா, ஊர் போடுற கோடா? ரெண்டுமேன்னுதான் எனக்கு படுது. ஒரு ஊர்ல உருவான நோய்ப் பட்டியல இன்னொரு ஊர் மேல அப்படியே வைக்கிறது தப்புன்னு அமெரிக்க மனநல டாக்டரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மேன் 1977லயே எழுதினார். இங்க மலாய்க்காரங்க மத்தியில பாத்த அமோக் (திடீர்னு வெறி வந்து கண்டவங்கள தாக்குறது), லாத்தா (திடுக்கிட்டா தன்னையறியாம அடுத்தவங்க சொல்றதையும் செய்றதையும் அப்படியே செய்றது) ரெண்டையும் பண்பாட்டு நோய்னு தனியா ஒதுக்கினாங்க, என்னமோ மேல்நாட்டு நோய்க்கெல்லாம் பண்பாடே இல்லாத மாதிரி, அது நியாயமே இல்லங்க.

கிளினிக்ல "காத்து கருப்பு"ன்னு வீட்டுல பேசிக்கிறத மறைக்காதீங்க. 2013ல வந்த டிஎஸ்எம்-5ல (அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கத்தோட கையேடு) டாக்டர் கேக்கறதுக்குன்னே 16 கேள்வி இருக்கு, காரணம் என்னன்னு நீங்க நினைக்கிறீங்க, யார்கிட்டலாம் உதவி கேட்டீங்கன்னு. டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க, பூசாரிகிட்ட போனது, குடிச்ச மருந்து எல்லாத்தையும். சாகணும்னு பேசினா மட்டும் காத்திருக்காம மலேசியாவோட அவசர எண் 999க்கு கூப்பிடுங்க.