இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள்: வெளிநாட்டில் கைபேசி வழியே பணம் செலுத்த

வேலூர் தோட்டப்பாளையத்தில் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துகிறேன். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் வியாபாரிகளும்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். டிக்கெட்டைக் கொடுத்ததும் அவர்கள் கைபேசியை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். பணம் செலுத்தும் ஏற்பாடு முழுவதும் காட்பாடியில் ரயில் ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் நடக்காது.

காரணம் சிம். யுபிஐ செயலி உங்கள் வங்கிக் கணக்கை அந்த இந்திய எண்ணோடு கட்டிவைத்திருக்கிறது. பதிவு செய்யும்போது அந்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். கொழும்பு விமான நிலையத்தில் புது சிம் வாங்கிய ஒரு பெரியவருக்கு, கடைக்காரர் இந்திய சிம்மைக் கழற்றிச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். செயலி மறுபடி பதிவு செய்யச் சொன்னது; எஸ்எம்எஸ் போகவில்லை. ஊர் திரும்பும் வரை அவர் மருமகன் பையிலிருந்துதான் எல்லாச் செலவும்.

ஆகவே இந்திய சிம் முதல் இடத்திலேயே இருக்கட்டும். உள்ளூர் சிம்மை இரண்டாவது இடத்தில் போடுங்கள், அல்லது அட்டையே இல்லாமல் கைபேசிக்குள் பதிவாகும் இ-சிம் வாங்குங்கள். புறப்படும் முன் ரோமிங்கை இயக்கிவையுங்கள். அப்போதுதான் வங்கியின் ஓடிபி வரும். ரோமிங் பேக் போடாதவர்கள் இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடலாம். யுபிஐ-க்குத் தேவையான இணையத்தை இன்னொரு சிம்மோ வைஃபையோ தரும்.

அடுத்து, செயலியின் அமைப்புகளில் 'யுபிஐ இன்டர்நேஷனல்' என்பதைத் தேடி, கணக்கைத் தேர்ந்து, பின் எண் இட்டு இயக்க வேண்டும். எத்தனை நாளுக்கு என்று கேட்கும். கெடு முடிந்ததும் தானே அணைந்துவிடும். எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தருவதில்லை. உங்கள் வங்கி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள்.

பூடானில் 2021-லும் இலங்கை, மொரீஷியஸில் 2024 பிப்ரவரியிலும் யுபிஐ வந்தது. நேபாளம், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், பிரான்ஸ் ஆகிய நாடுகளிலும் குறிப்பிட்ட கடைகளில் செல்லும். பாரிஸ் ஈஃபில் கோபுரத்துக்கு இப்படியே டிக்கெட் எடுக்கலாம். ஆனால் க்யூஆர் அட்டை தொங்கும் கடை எல்லாம் யுபிஐ கடை அல்ல. கேட்டுவிட்டுப் பொருளை எடுங்கள். ஸ்கேன் செய்து அந்நாட்டுத் தொகையை இட்டதும், கணக்கில் எவ்வளவு ரூபாய் போகும் என்று திரையில் வரும். அதைப் படித்த பிறகே பின் எண்ணைத் தொடுங்கள்.

யுபிஐ மட்டும் போதாது, ஒரு கார்டும் வேண்டும். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, கடை, ஏடிஎம், தட்டிச் செலுத்துவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக வரம்பு வையுங்கள். கடை இயந்திரம் 'ரூபாயிலா, டாலரிலா' என்று கேட்டால் தயங்காமல் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பே தீர்மானிக்கும். பெரும்பாலும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

சிங்கப்பூர் ரயிலிலும் பஸ்ஸிலும் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே போகலாம். ஆனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும். அப்பா தட்டிவிட்டு உள்ளே போனபின் அதே கார்டை அம்மாவிடம் நீட்டினால் கதவு திறக்காது. பெற்றோர் இருவருக்கும் தனித்தனிக் கார்டு வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். வயதான காலத்தில் கூட்டத்தின் நடுவே அவர்கள் திகைத்து நிற்கக் கூடாது.

கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். வெளிநாட்டு யுபிஐ-யை இயக்கித் தருகிறேன் என்று போனில் யார் பின் எண் கேட்டாலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர், அமீரகம், கத்தார், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை யுபிஐ-யில் சேர்க்கலாம். விடுமுறைக்கு வந்து நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கும்போது அப்பாவின் போனைக் கேட்க வேண்டியதில்லை. அந்த எண் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். அதை அங்கிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிட்டு வாருங்கள்.