வன்னி மேடையில் பிற சமூகத்தவரைச் சித்திரிக்கும் முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் பாடசாலை விழாவுக்கோ சனசமூக நிலையத்துக்கோ நாடகம் எழுதுபவர், தன் சமூகம் சாராத பாத்திரத்துக்கு முதலில் ஒரு தொழிலையும் ஒரு கவலையையும் கொடுக்க வேண்டும். தமிழருக்கு எதிரான 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியவர்களின் பேச்சைச் சிரிப்புக்காக இழுத்துக் காட்டுவது எளிது. ஆனால் அவர்கள் காடு வெட்டித் திருத்திய நிலத்துக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) கேட்டு அலைவதில்தான் நாடகம் இருக்கிறது.

1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் ஒருவரை எழுதுவதானால், தொப்பியும் தாடியும் போதாது. முல்லைத்தீவின் நீராவிப்பிட்டிக்குத் திரும்பி வந்து தன் பழைய கிணற்றடியில் பற்றை வெட்டுபவரிடம் அயலவர் வந்து என்ன கேட்பார், அவர் எதைச் சொல்லாமல் விடுவார் என்று எழுதுங்கள். பிரதியை அச்சமூகத்தவர் முன் வாசித்து, நடிக்கவும் அவர்களை அழையுங்கள்.

முகத்தில் கரி பூசிச் சிரிப்பூட்டுவதை அடியோடு விடுங்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர் அவ்வாறு வேடமிட்டே கறுப்பின மக்களை இழிவுபடுத்தினர்.

இவை யாவும் வாயைக் கட்டிக்கொள்வதற்கல்ல. நம்மவர் செய்த தவறையும் அரசின் தவறையும் மேடையில் சொல்லத்தான் வேண்டும். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையை உறுதிப்படுத்தினாலும், 1912இன் பொது ஆற்றுகைச் சட்டத்தின்கீழ் பிரதிக்கு அனுமதி கேட்கப்படலாம் என்பதால், ஒத்திகைக்கு முன்பே விண்ணப்பித்து, வெட்டச் சொல்லும் வரிகளுக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.