மரச் செஸ் செட் வாங்கும்போது முதலில் குதிரையைப் பாருங்கள்

ராஜா, ராணி, சிப்பாய் எல்லாம் கடைசலில் சுழற்றி எடுப்பவை. ஓரளவு நன்றாகவே வந்துவிடும். குதிரையின் தலையை மட்டும் கையால்தான் செதுக்க வேண்டும். செஸ் காய்கள் செய்யும் அமிர்தசரஸ் பட்டறைகளில் இதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் உண்டு. மரச் செட்டின் விலையில் பெரும்பங்கு இந்த நான்கு காய்களுக்கே போய்விடும். ஆகவே செட்டின் தரத்தை எடைபோட இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

நான்கு குதிரைகளையும் ஒரே வரிசையில், ஒரே பக்கம் பார்க்க நிறுத்துங்கள். காதின் உயரமும் கழுத்தின் வளைவும் ஒன்றுபோல இருக்கின்றனவா? பிறகு ஒன்றை எடுத்து நேருக்கு நேர் பாருங்கள். மலிவான செட்டில் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே இருக்கும். பிடரி வெறும் கீறலாக இருக்கும்.

1849-இல் லண்டனில் பதிவான, இன்று போட்டிகளில் வழங்கும் காய் வடிவமான ஸ்டான்டன் வடிவத்தின் குதிரைக்கு, ஏதென்ஸ் பார்த்தினன் கோயில் சிற்பக் குதிரையே முன்மாதிரி என்பார்கள். விடைத்த மூக்கும் அகன்ற தாடையும் அதில்தான் அழகு.

அழகு மட்டும் போதாது. கூரான காதும் மெலிந்த மூக்கும் ஒருமுறை தரையில் விழுந்தாலே உடையும். பிள்ளைகள் ஆடும் வீட்டுக்குக் காது தலையோடு ஒட்டிய, கழுத்து தடித்த குதிரையே சரி. தலையும் அடிப்பாகமும் சேருமிடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசின் தட்டுப்பட்டால் வேறு செட் கேளுங்கள்.