கிளை வெட்டும்போது அந்த வளையத்தை விட்டுவிடுங்கள்

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் வீசத் தொடங்குமுன் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாசல் வேம்பைக் கழிக்க ஆள் கூப்பிடுவோம். பக்கத்தில் நின்று கவனியுங்கள். கிளை தண்டோடு சேருமிடத்தில் பட்டை சுருங்கி, மோதிரம்போலப் புடைத்திருக்கும். அதற்குச் சற்று வெளியே வெட்டச் சொல்லுங்கள். புடைப்பிலிருந்துதான் புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். ஒட்டச் சீவினால் அதுவும் போய்விடும், பாவம்.

கனத்த கிளையென்றால் முதலில் ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து கால்வாசி அறுக்கணும். அப்புறம் அதற்கும் வெளியே மேலிருந்து. இல்லாவிட்டால் விழும் கிளை தண்டுப் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில் எடுக்கலாம்.

தாரோ பெயின்டோ பூச வேண்டாம். உள்ளே மரமே தடுப்புச் சுவர் கட்டிக்கொள்கிறது. பூச்சு அழுகலை நிறுத்துவதில்லை என்று ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ காட்டியிருக்கிறார்.