செய்யாற்றுப் பக்கம் ராத்திரிக் கூத்துக்குப் போவது எப்படி

சிப்காட்டில் வேலை கிடைத்து செய்யாற்றில் அறை எடுத்துத் தங்கும் பையன்கள் ஜெராக்ஸ் எடுக்க எங்கள் அச்சகத்துக்கு வருவார்கள். நாலு தடவை வந்து முகம் பழகியதும், "அண்ணா, இந்த ஊர்ல பொழுதுபோக என்னதான் இருக்கு?" என்று கேட்பார்கள். பங்குனி, சித்திரை மாதமாக இருந்தால் அவர்கள் காலடியிலேயே சணல் போட்டுக் கட்டிய ஆயிரம் நோட்டீஸ் கிடக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு, பத்து ராத்திரிக் கூத்து. டிக்கெட் கிடையாது. ஒரு தாளை உருவிக் கையில் கொடுப்பேன். பெரும்பாலானவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

19 வருடமாக அந்த நோட்டீஸ்களுக்கு டைப் செட்டிங் செய்கிறேன். எந்த ஊரில் எந்த ராத்திரி என்ன நாடகம் என்பது ஊர்க்காரர்களுக்கு அடுத்தபடி எனக்குத்தான் முதலில் தெரியும்.

முதலில் பருவம். பொங்கல் முடிந்ததும் ஆரம்பிக்கும். மாசியில் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளைத் திருவிழா. பங்குனியிலிருந்து ஆனி வரை பாரதம், அதுதான் உச்சம். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், தர்மராஜா கோயில் என்றும் சொல்வார்கள், மகாபாரதக் கதையை நாள் கணக்காக நடத்துவார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் ஊர்களில் பம்பை, உடுக்கை, கூடவே நாடகமோ இன்னிசைக் கச்சேரியோ இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றும் இருக்காது. அப்போது வந்துவிட்டு ஊரைக் குறை சொல்ல வேண்டாம்.

நோட்டீஸ் எங்கே கிடைக்கும்? பஸ் ஸ்டாண்டு சுவர், டீக்கடைத் தூண், சலூன் கண்ணாடி ஓரம். வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழியெங்கும் பிளெக்ஸ் தெரியும். பிளெக்ஸை நம்பிப் போகாதீர்கள். அதில் வாழ்த்துவோர் படங்கள்தான் பெரிதாக இருக்கும், நிகழ்ச்சி விவரம் ஒரு மூலையில் கிடக்கும். மஞ்சள், ரோஸ் தாளில் அடித்த நோட்டீஸ்தான் சரியானது. அச்சகத்தில் கேட்டாலும் கொடுப்போம். ப்ரூஃப் பார்த்துக் கழித்துப் போட்ட தாள் எப்போதும் இருக்கும்.

இனி அதைப் படிக்கும் விதம். தலைப்பில் "மகாபாரத அக்னி வசந்த விழா" என்று இருந்தால் பாரதம் என்று புரிந்துகொள்ளுங்கள். கீழே கட்டம் கட்டமாகத் தேதிகள். பகலில் சொற்பொழிவு: பாரதம் சொல்கிறவர் மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை கதையைப் பாட்டும் வசனமுமாகச் சொல்வார், பின்பாட்டு உண்டு. "இரவு 10 மணிக்கு" என்று ஆரம்பிக்கும் வரியில்தான் நாடகத்தின் பெயர் இருக்கும். வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஏறத்தாழ இந்த வரிசையில் போகும். எங்கள் பக்கத்தில் கூத்து என்பதைவிட நாடகம் என்றுதான் அதிகம் சொல்வோம். "நாடகம் எங்கே?" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளி இரவு நாடகம் என்றால் வெள்ளி ராத்திரி ஆரம்பித்து சனி விடியும் வரை. மறுநாள் சனிக்கிழமை ராத்திரி போய் நின்றால் அடுத்த கதை ஓடிக்கொண்டிருக்கும், அல்லது மைதானம் காலியாக இருக்கும். ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல். ஒருமுறை நானே புதூர் என்று டைப் செய்த நோட்டீஸை நம்பி, எனக்குத் தெரிந்த புதூருக்கு வண்டியை விட்டேன். போனால் ஊரே இருட்டு. நாடகம் நடந்தது இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொரு புதூரில். நான் போய்ச் சேர்வதற்குள் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பாடும் பாட்டெல்லாம் முடிந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதிலிருந்து, நோட்டீஸ் கொடுக்க வருகிறவர்களிடம் வட்டம் என்ன, எந்த ஊர் மதுரா, அதாவது எந்தப் பெரிய ஊரைச் சேர்ந்த சிற்றூர், எந்தப் பஸ் போகும் என்று கேட்டு எழுதிய பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறேன். நீங்களும் ஊர்ப் பெயரோடு மதுராவையும் சேர்த்துப் பாருங்கள்.

நாடக மன்றத்தின் பெயரும், அதை நடத்தும் வாத்தியாரின் செல் நம்பரும் நோட்டீஸிலேயே இருக்கும். கூச்சப்படாமல் கூப்பிடலாம். ஆனால் காலையில் வேண்டாம். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு அப்போதுதான் படுத்திருப்பார்கள். மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டு, "ஐயா, இன்னைக்கு நாடகம் எந்த ஊருங்க?" என்று கேளுங்கள். சொல்வதோடு வழியும் சொல்வார்கள். ஒரு மன்றத்தின் ஆட்டம் பிடித்துப்போனால் அந்த ஒரு நம்பர் போதும். அவர்கள் போகும் ஊரெல்லாம் பின்னாலேயே போகலாம்.

புரிசை செய்யாற்றுக்குப் பக்கம்தான். தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடும் தம்பிரான் குடும்பத்தின் ஊர் அது. சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமியைக் கட்டிப்போட்டது இந்தப் புரிசைக் கூத்துதான். அந்தக் குடும்பத்துக் கண்ணப்ப தம்பிரான் நினைவாக அங்கே நடக்கும் நாடக விழாவில் கூத்தோடு வெளியூர் நவீன நாடகங்களும் பார்க்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. ஆண்களே வேஷம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து மேடையேற்றியவர்கள். ராத்திரி முழுக்க விழிக்க முடியாதவர்கள் இங்கே தொடங்கலாம். ஆனால் ஊர்த் தெருவில், கோயில் வாசலில் பார்ப்பது வேறு. முடிந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

போகிற அன்று மத்தியானம் ஒரு தூக்கம் போடுங்கள். டவுன் பஸ்ஸை நம்பினால் போவதற்கு இருக்கும், திரும்ப விடியற்காலைதான். இருசக்கர வண்டி நல்லது, நாய்களுக்கும் மண் மேடுகளுக்கும் பார்த்து மெதுவாகப் போங்கள். ஒரு பாய், ஒரு போர்வை, தண்ணீர், கொஞ்சம் பத்து ரூபாய் நோட்டு. சித்திரை வெயில் காலத்திலும் மூன்று மணிக்குப் பனி இறங்கும், போர்வை கட்டாயம்.

நோட்டீஸில் பத்து மணி என்று இருந்தாலும் ஒன்பதரைக்கே போய்விடுங்கள், ஒரு காரணம் இருக்கிறது. வேஷம் கட்டும் இடம் கோயிலுக்குப் பக்கத்திலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ இருக்கும், ஓலைத் தடுப்பு மறைத்திருக்கும். வாசலில் நின்று, "பார்க்கலாமா அண்ணே?" என்று கேட்டால் விடுவார்கள். கையடக்கக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் ஈர்க்குச்சியால் புருவத்துக்கு மேலே வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். துரியோதனனுக்கு முகம் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. கட்டைக்கூத்து என்ற பெயரே அதனால்தான். ஒருமுறை துரியோதனன் கிரீடத்தை என் கையில் கொடுத்து, "தூக்கிப் பாரு தம்பி" என்றார்கள். லேசான கட்டைதான், ஆனால் தலையில் வைத்து தாடையில் கயிறு இறுக்கிக் கட்டி, அத்தனை சாமானும் சலங்கையுமாக விடிய விடியச் சுழல வேண்டும் என்று நினைத்ததும் கை தானாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. காலில் சலங்கை கட்டும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். கண்ணை மூடி குருவை நினைத்துக் கட்டுவார்கள்.

பிறகு களரி கட்டுவார்கள். ஆட்டக்காரர் யாரும் வராமல் மிருதங்கம், டோலக்கு, தாளம், ஆர்மோனியம், முகவீணை மட்டும் சேர்ந்து வாசிப்பது. மைக் இல்லாத காலத்தில் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதுதான் அழைப்பு. இசைக்காக வருகிறவர்கள் இதைத் தவறவிட்டால் பாதியை விட்ட மாதிரி. முகவீணையை ஒரு தடவை கேட்டால் மறக்காது. ஒரு முழம்கூட இல்லாத குழல்தான், நாயனத்தைவிடக் கூர்மையான சத்தம். ஆட்டக்காரர் பாடி நிறுத்திய வரியை அதே குழைவோடு எடுத்து நீட்டும். இன்று நிறைய மன்றங்களில் ஆர்மோனியம் மட்டும்தான் இருக்கிறது. போன் செய்யும்போதே, "முகவீணை வருதுங்களா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் வாசிக்கிறவரைக் கூட்டி வருவார்கள்.

உட்கார வாத்தியக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் நல்லது. வேஷக்கொட்டகையிலிருந்து சபைக்கு வரும் வழியில் பாய் போடாதீர்கள். துரியோதனன் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், முதலில் திரைக்கு மேலே கிரீடம்தான் தெரியும், உள்ளேயிருந்தே பாடுவார். திரை விலகியதும் சுற்றிவரும் வேகத்தில் முன்வரிசைக் குழந்தைகளைத் தாய்மார்கள் இழுத்துக்கொள்வார்கள். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள், குடும்பத்தோடு போனால் அங்கேயே இடம் கொடுப்பார்கள். கோமாளியாக வரும் கட்டியக்காரன் பேச்சு முதலில் புரியாது. பஞ்சாயத்துக் குழாயிலிருந்து பஸ் கட்டணம் வரை ஊர்ச் சங்கதியெல்லாம் அவர் வாயில் வரும். பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். பிடித்தால் பத்தோ ஐம்பதோ அன்பளிப்புக் கொடுங்கள். பெயரும் ஊரும் சொல்லி மைக்கில் வாழ்த்துவார்கள். போட்டோ எடுக்கலாம், பிளாஷ் மட்டும் கண்ணில் அடிக்க வேண்டாம்.

இரண்டிலிருந்து மூன்று மணி வரை கண் சொக்கும். எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள், சுண்டல் கடையும் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பிறகு தூக்கம் வராது. கதையின் கனமான பகுதியெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் தடவைக்குக் கர்ண மோட்சம் பாருங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். போருக்குக் கிளம்பும் கர்ணனும் மனைவி பொன்னுருவியும் எதிரெதிரே நின்று பாடும் பாட்டுக்கு எதிரில் இருந்த பாட்டிகள் முந்தானையால் முகம் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். தேரில் சாய்ந்து கிடக்கும் கர்ணனிடம் கிருஷ்ணன் பிராமணராக வந்து புண்ணியத்தைத் தானம் கேட்கும்போது கிழக்கு வெளுக்கும். வாத்தியார்கள் அந்த நேரத்தைக் கணக்கு வைத்துத்தான் ஆடுகிறார்கள். இதே நாடகத்தைச் சாவு வீட்டுக் கருமாதியிலும் வைப்பார்கள். அங்கேயும் போகலாம். சட்டென்று பாய் விரிக்காமல், வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு உட்காருங்கள்.

துகில் அன்று ஒன்றைக் கவனியுங்கள். சேலையை இழுக்கும் முன் துச்சாதனன் வேஷம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். சபை முழுக்கக் கையெடுத்துக் கும்பிடும். நீங்களும் எழுந்து நில்லுங்கள். தபசு அன்று நட்டு வைத்த உயரமான மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் போடுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அன்று போட்டோவுக்காக அவர்களுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

பாரதம் இல்லாத மாதத்தில் அமாவாசை இருக்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாதாமாதம் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம். பம்பை, உடுக்கையோடு பூசாரிகள் தாலாட்டுப் பாடுவார்கள். கூட்டம் அதிகம், சாயங்காலமே போய்விடுங்கள்.

ராத்திரி விழிக்க முடியாதவர்கள் படுகளத்துக்காவது வாருங்கள். பதினெட்டாம் போர் முடிந்த மறுநாள் காலையில் வெயில் ஏறும்போது நடக்கும். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள். வேஷக்காரர்களான பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் புதைத்த பானை உடைந்ததும் உள்ளே கரைத்து வைத்த சிவப்பு வழிந்தோடும். திரௌபதி கூந்தல் முடித்ததும் கூட்டம் உள்ளே இறங்கி ஆளுக்கொரு பிடி மண் எடுக்கும். நெல் குதிரில் போட்டால் நிறையும் என்று நம்பிக்கை. வெளியூர்க்காரர் என்று தயங்காதீர்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். மண் எடுத்துப்போக ஒரு துணிப்பையும் தலைக்கு ஒரு துண்டும் கொண்டு வாருங்கள். சாயங்காலம் அங்கேயே தீமிதி.