கிளீனிங் வேலைக்கு என்விகியூ எடுக்கிறது எப்பிடி: கன வருசமா வேலை செய்யிற ஆக்களுக்கு

எங்கட பக்கம் ஆரும் ஹவுஸ்கீப்பிங் படிக்கப்போறன் எண்டு சொன்னா உடன வாற கேள்வி, "கூட்டித் துடைக்கிறதுக்கும் ஒரு கோர்ஸா?" கேக்கிறவையின்ர வீட்டுப் பாத்ரூமில போய்ப் பாத்தா பைப்பில வெள்ளையாக் கல்லுப் படிஞ்சு கிடக்கும், அதை என்னத்தால எடுக்கிறதெண்டு தெரியாமல் இரும்புப் பிரஸ்ஸால உரஞ்சி பைப்பையும் பழுதாக்கி வச்சிருப்பினம். சரி அதை விடுவம். நான் இதை எழுதிறது ஹோட்டலிலயோ ஆஸ்பத்திரியிலயோ கந்தோரிலயோ கன வருசமா கிளீனிங் வேலை செய்துகொண்டு, கையில ஒரு பேப்பரும் இல்லாமல் இருக்கிற அக்காமாருக்கும் தம்பிமாருக்கும். புதுசா கோர்ஸுக்குப் போற ஆக்களுக்கும் பாதி உதவும்.

என்விகியூ எண்டா இலங்கையின்ர தேசிய தொழில் தகைமை. 1 தொடக்கம் 7 வரைக்கும் லெவல் இருக்கு. 4 வரைக்கும் சேர்ட்டிபிக்கற், 5ம் 6ம் டிப்ளோமா, 7 டிகிரி மட்டம். இதுகளுக்கெல்லாம் பொறுப்பா இருக்கிறது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. கிளீனிங்காரருக்குத் தேவையானது கீழ்ப்பக்க லெவல்கள்தான், அதுகளுக்கு ஓஎல் பாஸ் இல்லையெண்டு பயப்பிடத் தேவையில்லை, வேலை தெரியுமோ எண்டதைத்தான் பாக்கிறது.

எடுக்கிறதுக்கு ரெண்டு வழி. ஒண்டு கோர்ஸ் படிச்சு, பிறகு வேலைத்தளத்தில பயிற்சி எடுத்து, சோதினை செய்யிறது. மற்றது ஆர்பிஎல், அதாவது முன்கற்றல் அங்கீகாரம், உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச வேலையைக் காட்டி அதுக்கே சேர்ட்டிபிக்கற் எடுக்கிறது. பத்து வருசம் மொப் பிடிச்ச ஆள் திரும்ப ஆறு மாசம் வகுப்பில போய் இருக்கத் தேவையில்லை, என்னைக் கேட்டா ஆர்பிஎல்தான் சரி. நைற்றா (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை), தொழிற்பயிற்சி அதிகாரசபை மாதிரி அரச இடங்களில விசாரிக்கலாம். எங்க போறதெண்டு ஒண்டும் விளங்காட்டி உங்கட பிரதேச செயலகத்துக்குப் போங்கோ, அங்க மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டு ஒராள் இருப்பார், அவரிட்டக் கேக்கலாம். அதுக்கும் நேரமில்லாட்டி அரசாங்கத் தகவல் நிலையத்தின்ர 1919க்கு அடிச்சுத் தமிழில கேக்கலாம். கேக்கேக்க "கிளீனிங்" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, ஹவுஸ்கீப்பிங், ரூம் அற்றெண்டன்ற் எண்ட மாதிரித் தொழிலின்ர பேரைச் சொல்லிக் கேளுங்கோ, ஏனெண்டா அவையின்ர லிஸ்டில தொழிலின்ர பேர்தான் இருக்கும்.

தனியார் கிளாஸ் காசு கட்டிப் படிக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. நிறுவனம் பதிவு செய்திருக்கு எண்டது வேற, அந்தக் கோர்ஸுக்கு என்விகியூ அங்கீகாரம் இருக்கு எண்டது வேற. போட்டில பெரிசா அரச பதிவு எண்டு எழுதியிருப்பினம், அதைப் பாத்திட்டுக் காசைக் கட்டி, முடிவில அந்த இடத்தின்ர சொந்தச் சேர்ட்டிபிக்கற் மட்டும் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையள் எனக்குத் தெரிய இருக்கினம். "இந்தக் கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கோ, காட்டுங்கோ" எண்டு வாய்விட்டுக் கேளுங்கோ. வெக்கப்பட ஒண்டுமில்லை.

ஆர்பிஎல்லுக்கு நீங்கள் சேர்க்க வேண்டியது ஆதாரம். ஐடென்ரிற்றி காட், வேலை செய்த இடத்தின்ர சேவைக் கடிதம், வேலை செய்யேக்க எடுத்த படங்கள், சின்னச் சின்னப் பயிற்சிக்குப் போன பேப்பர் எல்லாம் ஒரு பைலில போடுங்கோ. கடிதத்தில "இவர் இங்கு பணிபுரிந்தார்" எண்டு ஒரு வரி போட்டுத் தந்தா அது பெரிசா உதவாது. எந்தத் திகதியில இருந்து, என்னென்ன வேலை, ரூம் செய்தவரோ, ரொய்லெற் செய்தவரோ, மெசின் பிடிச்சவரோ எண்டு விபரமா எழுதச் சொல்லுங்கோ. எனக்கு முதல் வேலை செய்த இடத்தில கடிதம் எடுக்கவே மூண்டு மாசம் அலைச்சல், நான் கொன்ராக் கொம்பனியின்ர ஆளாம், தங்கட ஆள் இல்லையாம். உங்களுக்கும் அப்பிடியெண்டா கொம்பனியிட்டயே கேளுங்கோ, சம்பளத் துண்டுகளையும் எறியாதேங்கோ. இன்னொண்டு, ஹோட்டல்காரர் எண்டா நல்லூர்த் திருவிழா நேரம் கடிதம் கேட்டுப் போகாதேங்கோ, அந்த 25 நாளும் மனேச்சருக்கு மூச்சு விட நேரமில்லை, வெளிநாட்டுச் சனம் முழுக்க ரூமில நிக்கும்.

இனி சோதினை. இதில மாக்ஸ் போட்டு 75, 80 எண்டு தாறேல்ல, தேர்ச்சி இருக்கு அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான். செய்து காட்டவும் வேணும், கேட்டா சொல்லவும் வேணும். எங்கட ஆக்கள் தடக்குப்படுறது செய்யிறதில இல்லை, சொல்லுறதிலதான். எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா, அவ துடைச்ச நிலத்தில சோறு போட்டுச் சாப்பிடலாம், ஆனா "ஏன் உள்ளுக்க இருந்து வாசலுக்குத் துடைக்கிறீங்கள்?" எண்டு கேட்டா "அப்பிடித்தான் செய்யிறது" எண்டு சிரிப்பா. அதால நான் அவவுக்குச் சொன்னது, வீட்டில சமைக்கேக்க, கூட்டேக்க, ஒவ்வொண்டுக்கும் "ஏனெண்டா" எண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கோ. மேல இருந்து கீழ, ஏனெண்டா தூசி கீழதான் விழும். ஊத்தை குறைஞ்ச இடத்தில இருந்து கூடின இடத்துக்கு, ஏனெண்டா ரொய்லெற் துடைச்ச துணியோட பேசினுக்கு வந்தா கிருமியையும் கூட்டிக்கொண்டு வாறீங்கள். உள்ளுக்க இருந்து வாசலுக்கு, ஏனெண்டா துடைச்ச ஈரத்தில திரும்ப மிதிக்கக்கூடாது. ஒரு கிழமை இப்பிடிக் கதைச்சாப் பிறகு தானா வரும், வீட்டுக்காரர் விசர் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை.

துணியின்ர நிறம் கட்டாயம் வரும். வழமையா சிவப்பு ரொய்லெற்றுக்கு, பச்சை குசினி சாப்பாட்டு இடத்துக்கு, நீலம் ரூம் ஒபிஸ் மாதிரிப் பொது இடத்துக்கு, மஞ்சள் சில இடத்தில பேசினுக்கு, ஆஸ்பத்திரியில தொற்று உள்ள ரூமுக்கு. இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், அதால "எங்கட இடத்தில இப்பிடி" எண்டு சொல்லிப்போட்டு ஆரம்பியுங்கோ. இதில ஆஸ்பத்திரி ஆக்கள் குழம்பிற ஒரு இடம் இருக்கு, குப்பை வாளியின்ர நிறம் வேற கணக்கு. எங்கட நாட்டு ஆஸ்பத்திரிகளில மஞ்சள் தொற்றுக் கழிவு, மஞ்சளில சிவப்புக் கோடு போட்டது ஊசி பிளேட், சிவப்பு கண்ணாடி, நீலம் பேப்பர், செம்மஞ்சள் பிளாஸ்ரிக், பச்சை உக்கிறது, கறுப்பு பொதுக் குப்பை. சிவப்புத் துணியும் சிவப்பு வாளியும் சொந்தக்காரர் இல்லை. ரெண்டையும் தனித்தனிப் பேப்பரில எழுதி ஒட்டிப் பாடமாக்குங்கோ.

அடுத்தது கலவை, கணக்கெண்டு பயந்து கன பேர் பின்னால போறது இதிலதான். 1க்கு 100 எண்டு போத்தலில போட்டிருந்தா 1 லீற்றர் தண்ணிக்கு 10 மில்லி கிளீனிங் மருந்து, 5 லீற்றர் வாளிக்கு 50 மில்லி. புளீச் எண்டா, 5 வீதப் புளீச்சில 20 மில்லி எடுத்துத் தண்ணியோட சேர்த்து 1 லீற்றர் ஆக்கினா 0.1 வீதம், அது சாதாரண இடத்துக்குக் கிருமி நீக்க. ரத்தம் சிந்தின இடத்துக்கு 0.5 வீதம், அதுக்கு 100 மில்லி புளீச்சும் 900 மில்லி தண்ணியும். முதல் தண்ணி, பிறகு மருந்து, தலைகீழாச் செய்தா முகத்தில தெறிக்கும். சுடுதண்ணியில கலக்கக்கூடாது, அண்டண்டைக்குக் கலந்ததை அண்டண்டைக்கே முடிக்கவேணும், ஏனெண்டா வச்சிருந்தா சக்தி போயிடும். பூசின உடன துடைக்காமல் பத்து நிமிசம் விடுங்கோ. சோடாப் போத்தலில மருந்து ஊத்தி வைக்கிற எங்கட ஊர்ப் பழக்கத்தைச் சோதினையில காட்டினீங்களோ, அங்கயே முடிஞ்சுது.

புளீச்சையும் ஹாபிக்கையும் ஒண்டாப் போட்டா நல்லா வெளுக்கும் எண்டு ஒரு கதை இருக்கு. ஹாபிக்கில இருக்கிறது அசிட், புளீச்சோட சேர்ந்தா குளோரின் காஸ் வரும். நான் வேலை செய்த ஒரு இடத்தில தம்பி ஒருத்தன் யன்னல் இல்லாத பாத்ரூமில இதைச் செய்து, இருமி இருமி வெளியில இழுத்துக்கொண்டு வந்து இருத்தினது, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல, அதுதான் உண்மை.

பைப்பில கல்லுக்கு வருவம். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணக்கல்லுக்கு மேல இருக்கு, கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, அது காஞ்சாத்தான் அந்த வெள்ளை. சோப்புப் போட்டு எவ்வளவு உரஞ்சினாலும் போகாது, புளிப்பான சாமான் வேணும். வினாகிரியில ரிசுவை நனைச்சுப் பைப்பில சுத்தி அரை மணித்தியாலம் விடுங்கோ, தேசிப்புளியும் வேலை செய்யும். பிறகு மெல்லத் துடைச்சுக் கழுவினாப் போகும். 1959இல சின்னர் எண்ட ஜேர்மன்காரர் சுத்தம் செய்யிற விதத்தை ஒரு வட்டமாக் கீறினவர், மருந்து, உரசல், சூடு, நேரம் எண்டு நாலு பங்கு, ஒண்டைக் குறைச்சா மற்றதைக் கூட்டவேணும். நேரம் விட்டீங்கள் எண்டா கை நோகாது. ஆனா மாபிள், ரெறாசோ நிலத்தில அசிட் படவே கூடாது, அதுவும் சுண்ணக்கல்லுச் சாதிதான், மினுக்கம் போயிடும். இதைக் கேள்வி கேக்காமலே நீங்களாச் சொன்னீங்கள் எண்டா சோதினை எடுக்கிறவர் நிமிந்து பாப்பார்.

மிச்சம் கெதியாச் சொல்லுறன். ஈரநிலப் போட் வைக்காமல் மொப்பைத் தொடாதேங்கோ. மொப் தடி உங்கட நாடி உயரம் இருந்தா முதுகு நோகாது. துணியை நாலா மடிச்சா திருப்பித் திருப்பி எட்டுப் பக்கம் பாவிக்கலாம். ரூம் கதவில தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" எண்டு சொல்லி, நிண்டு, திரும்பத் தட்டித்தான் திறக்கிறது. கட்டில் விரிப்பின்ர மூலையை 45 பாகை மடிப்பில வீட்டில பத்துத்தரம் செய்து பாருங்கோ. கிளவ்ஸ் கழட்டேக்க வெளிப்பக்கம் தோலில படாமல் உள்வெளியாக் கழட்டி, பிறகு கை கழுவ 40 தொடக்கம் 60 செக்கன்.

கடைசியா பாரம் நிரப்பேக்க, உங்கட இங்கிலீஸ் பேரை ஐடென்ரிற்றி காட்டிலயும் பாஸ்போட்டிலயும் இருக்கிற மாதிரி ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதுங்கோ. எங்கட பேருகள் ஒவ்வொரு பேப்பரிலயும் ஒவ்வொரு மாதிரித்தான் கிடக்கும், சேர்ட்டிபிக்கற் அடிச்சு வந்த பிறகு திருத்த ஓடுறது சோதினையை விடக் கஸ்டம்.